லாரியை எங்கே நிறுத்துவது

எங்கள் ஆபீஸ் ராயபுரத்தில் ஒரு கயிற்றுக் கடைக்கு மேலே இருக்கிறது. ஆபீஸ் என்று சொல்வது நான் மட்டும்தான். கீழே கடை வைத்திருக்கும் அண்ணாச்சி அதை மாடி என்பார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். மீன்பிடி போட்டுகளுக்கு நைலான் கயிறு மொத்த வியாபாரம். அதைவிட்டால் கேரம் பைத்தியம். அந்தப் பைத்தியத்தில்தான், போனில் ஆடுகிற கேரம் ஒன்றைச் செய்யச் சொல்லி எங்கள் இரண்டு பேருக்கும் மாடியை விட்டிருந்தார்.

இரண்டு பேர் என்றால் நானும், புளியந்தோப்பு ஹவுசிங் போர்டிலிருந்து வருகிற ஒரு பெண்ணும். அவள் இன்ஜினியரிங் முடித்தவள். நான் ஒன்பதாவதோடு நின்றவன். செல்போன் ரிப்பேர் கடையில் உட்கார்ந்து வீடியோ பார்த்துப் பார்த்துப் புரோகிராம் எழுதக் கற்றேன். போனில் தெரிகிற பலகை அவள் வேலை. சர்வர் இருவருக்கும் பொது. எல்லோருடைய பலகையையும் தன்னிடம் வைத்துக்கொண்டு, யார் அடித்தது, எந்தக் காய் விழுந்தது என்று தீர்ப்புச் சொல்கிற கம்ப்யூட்டர்தான் சர்வர்.

அதை ரஸ்ட் என்கிற மொழியில் எழுதியிருந்தோம். எனக்கு அந்த மொழி பிடித்துப்போனதற்கு அதன் கம்பைலர்தான் காரணம். நாம் எழுதியதை ஓட்டுவதற்கு முன்பே படித்துப் பார்த்து, இங்கே இப்படி ஆகிவிட்டால் என்ன செய்வாய், அங்கே அப்படி ஆகிவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். காஸை மூடினேனா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திருவொற்றியூருக்கே திரும்பிப் போகிறவன் நான். என்னைவிடப் பயந்த ஜீவன் ஒன்று இருப்பது பெரிய ஆறுதல். பள்ளிக்கூடத்தில் தப்பு என்று மட்டும்தான் சொன்னார்கள். இது தப்பு எங்கே என்று கோடு போட்டுக் காட்டி, இப்படி மாற்றிப் பார்க்கிறாயா என்றும் கேட்டது.

அப்படியும் சர்வர் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் விழுந்தது. அன்றைக்குத்தான் எல்லோருக்கும் லீவு, எல்லோரும் ஆடுவார்கள். காரணம், மொத்த புரோகிராமையும் ஒரே ஃபைலில் கொட்டி வைத்திருந்தோம். எல்லாப் பலகைக்கும் சேர்த்து ஒரே பூட்டு. எந்தப் பலகையில் யார் காயைத் தொட்டாலும் அந்தப் பூட்டைத் திறந்துதான் தொட வேண்டும். ஒரு டேபிள், அதாவது இரண்டு பேர் ஆடுகிற ஓர் ஆட்டம், பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே மயங்கி விழுந்தால் மற்ற எல்லா டேபிளும் அதோடு விழும். அந்த நேரத்தில் ரஸ்ட், பூட்டில் விஷம் ஏறிவிட்டது என்று இங்கிலீஷில் எழுதிக் காட்டும். முதல் தடவை அதைப் படித்துவிட்டுப் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தேன்.

அண்ணாச்சி திட்டவில்லை. சர்வர் விழுந்த மறுநாள் காலையில் மாடியில் ஒரு கயிற்றுச் சுருள் வந்து உட்கார்ந்திருக்கும். அவ்வளவுதான். அடுத்த வாரம் அதன் மேல் இன்னொன்று. ஜன்னல் பாதி மறைந்த பிறகு ஒருநாள் மேலே வந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை போட்டி வைத்திருப்பதாகச் சொன்னார். ராயபுரம் கிளப்காரர்கள், அத்திப்பட்டு, பேசின் பிரிட்ஜ் ஆட்கள் எல்லோரும் ஆடப் போகிறார்கள்.

"இந்தத் தடவையும் விழுந்துச்சின்னா கோவிச்சுக்கிடாதீங்க தம்பி," என்றார். "மாடியக் கயித்துக்கு விட்டுருவேன்."

அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் சாப்பிட்டுக்கொண்டே திட்டம் சொன்னாள். ஒரு ஃபைலை உடைத்துப் பல பகுதிகளாக்க வேண்டும். விதிகள் தனி, காய் நகர்வது தனி, ஆள் வருவதும் போவதும் தனி. முக்கியமாக, ஒவ்வொரு டேபிளும் தன் பலகையைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும். பொதுப் பூட்டே கிடையாது.

நான் ஒரு வரியை வெட்டி இன்னொரு ஃபைலில் ஒட்டும் முன் மூன்று காப்பி எடுத்து வைத்தேன். 'இது கட்டாயம் இருக்கும்' என்று நம்பி அவள் எழுதியிருந்த வரிகளைத் தேடித் தேடி, 'ஒருவேளை இல்லாவிட்டால்' என்று மாற்றிக்கொண்டு வந்தேன். கல்யாணப் பத்திரிகையில்கூட மாப்பிள்ளை வராவிட்டால் என்று ஒரு வரி போடுகிற ஆள் நான் என்றாள்.

எல்லாம் பிரிந்து வந்தது, லாரியைத் தவிர.

எங்கள் ராயபுரம் கேரம் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி வாசலில் போனால் தரை ஆடும், பலகையும் ஆடும். சத்தம் கேட்டதும் எல்லோரும் பலகையிலிருந்து கையை எடுத்துவிடுவார்கள். குழியின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கிற காய் அந்த ஆட்டத்தில் உள்ளே விழுந்தால், கடைசியாக அடித்தவன் கணக்கில் சேரும். அதற்கு லாரிக் காய் என்று பெயர். வேறு ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் விளையாட்டில் அவள் அதையும் எழுதியிருந்தாள். அவ்வப்போது ஹார்ன் கேட்கும், ஒரே சமயத்தில் எல்லாப் பலகையும் லேசாக ஆடும்.

இப்போது பலகைகள் தனித்தனியாகப் போய்விட்டன. லாரி எல்லாவற்றையும் தொட வேண்டும். கம்பைலர் விடவே இல்லை. ஒரு பலகையில் ஒரு நேரத்தில் ஒரு கைதான் என்று அதுவும் கிளப் பெரிசு மாதிரிப் பிடிவாதம் பிடித்தது. விதிகள் பகுதியில் லாரியை வைத்துப் பார்த்தோம், சிவப்புக் கோடு. காய் நகர்கிற பகுதியில் வைத்தோம், அங்கேயும் சிவப்புக் கோடு. சர்வருக்குள் ஒரு லாரிக்குப் பார்க்கிங் கிடைக்காமல் வெள்ளிக்கிழமை வரை சுற்றினோம்.

லாரியை எடுத்துவிடலாமா என்று கீழே போய்க் கேட்டேன். அண்ணாச்சி கயிறு அளந்துகொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "லாரி இல்லாம என்ன தம்பி கேரம்," என்றார்.

மேலே வந்து கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்தேன். கொஞ்ச நாளாக அதுதான் என் நாற்காலி. வெளியே நிஜ லாரி ஒன்று போனது. டேபிளில் இருந்த டீ கிளாஸ் கிடுகிடுத்தது. பழக்கத்தில் இரண்டு பேரும் கீபோர்டிலிருந்து கையை எடுத்தோம். அவள் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ண்ணா, லாரி இன்னா வூட்டுக்குள்ளயா வந்துச்சு?"

"இல்ல."

"அது பாட்டுக்கு ரோட்ல பூடுச்சு. வூடுதான் ஆடிச்சு. நாம இன்னாத்துக்கு லாரிய இட்டாந்து பலகை மேல ஏத்திகினு கீறோம்?"

அதுதான் விஷயம். லாரி எந்தப் பலகையையும் தொட வேண்டியதில்லை. அது ரோட்டில் ஹார்ன் அடித்துக்கொண்டு போனால் போதும். சத்தம் கேட்ட டேபிள் ஒவ்வொன்றும் தன் பலகையைத் தானே ஆட்டிக்கொள்ளும். மத்தியானத்துக்குள் எழுதி முடித்தோம். கம்பைலர் ஒன்றும் கேட்கவில்லை. அது கேட்காததே எனக்குப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போட்டி நன்றாகத்தான் போனது. அண்ணாச்சி கடையில் உட்கார்ந்தபடி அத்திப்பட்டுக்காரர் ஒருவரோடு ஆடிக்கொண்டிருந்தார். கரன்ட் கம்பெனியில் வேலை செய்கிற அந்த மனுஷன் நன்றாக ஆடுவார். அண்ணாச்சிக்கு நிறையக் காய் பாக்கி. திடீரென்று ஸ்கிரீனில் ஒரு வரி சிவப்பாக வந்தது. படியில் செருப்புச் சத்தம்.

"தம்பி, விழுந்துட்டுல்லா?"

அவள் ஸ்கிரீனை அவர் பக்கம் திருப்பினாள்.

"உங்க டேபிள் மட்டும்தான் அண்ணாச்சி. மத்தவங்கல்லாம் ஆடிகினுதான் கீறாங்க, பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். பேசின் பிரிட்ஜில் ஒருத்தர் அப்போதுதான் சிவப்புக் காயைக் குழியில் போட்டுக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். காயை அடித்துவிட்டு, கடைக்கு ஆள் வந்ததென்று அண்ணாச்சி போனை அணைத்து வைத்துவிட்டுக் கயிறு வெட்டப் போயிருக்கிறார். அந்த நேரம் பார்த்து லாரி வந்து, அவர் காய் ஒன்று விழுந்தது. கடைசியாக அடித்தவர் யார் என்று டேபிள் தேடியது. ஆள் இல்லை. 'கட்டாயம் இருப்பார்' என்ற வரி ஒன்று அந்த இடத்தில் மட்டும் மிச்சம் இருந்தது. டேபிள் மயங்கியது. பழைய ஃபைலாக இருந்தால் ராயபுரம் முதல் அத்திப்பட்டு வரை எல்லோரும் சேர்ந்து மயங்கியிருப்போம்.

"அப்ப நான் மொதல்ல இருந்து ஆடணுமோ?" என்றார் அண்ணாச்சி. குரலில் வருத்தமே இல்லை.

ஜெயிக்கப் போன அத்திப்பட்டுக்காரரிடம் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு தடவை எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்பு.

"பரவால்ல தோஸ்து. இன்னொரு தபா தோக்கடிச்சிக்கிறேன்."

தோற்கடித்தார். இந்த முறை அண்ணாச்சி யாருக்கும் கயிறு வெட்டப் போகவில்லை, டேபிளும் விழவில்லை. தோற்றதற்கு சர்வரைக் குற்றம் சொல்ல வழியே இல்லை.

சாயங்காலம் மேலே வந்து ஜன்னலை மறைத்திருந்த சுருள்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மேலே இருந்த ஒன்றைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். நான் உட்காருகிற சுருள் மட்டும் இருக்கட்டும் என்று கேட்டேன். சரி என்று தலையாட்டினார். ஆள் எழுந்து போகிற விஷயத்தைச் சரிசெய்துவிடச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

பாதிப் படியில் இருக்கும்போது வெளியே ஒரு கன்டெய்னர் லாரி போனது. அவர் அப்படியே நின்று, பிடித்திருந்த கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டார். விழுந்துவிடப் போகிறாரே என்று எனக்குத்தான் உயிர் போனது. லாரி கடந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.