எதை எடுக்கட்டும், பிரென்ட்?

"எப்ப முடியும்?" என்று டார்லீன் பெட்ரிஷின் முதலில் கேட்பார். பதிலைக் குறித்துக்கொள்ள மாட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "அந்தத் தேதிய நம்பி ஃப்ளைட் டிக்கெட் எடுப்பியா?" என்பார். கணினி நிரல் எழுதும் நாங்கள் தலையைச் சொறிந்துகொண்டு இரண்டு வாரம் தள்ளிச் சொல்வோம். அதைத்தான் பென்சிலால் எழுதுவார்.

வின்னிபெக்கில் எங்கள் நிறுவனம் பள்ளிப் பேருந்துகளுக்கு மென்பொருள் செய்கிறது. டார்லீன் திட்ட மேலாளர், ஐம்பத்தாறு வயது. ஒரு வரி நிரல்கூட எழுதத் தெரியாது, தெரிந்ததுபோல் காட்டிக்கொண்டதும் இல்லை. கூட்டத்தில் யாராவது நீட்டி முழக்கினால் பையிலிருந்து சூரியகாந்தி விதைகளை எடுத்துக் கொறிக்கத் தொடங்குவார். அந்தச் சத்தம் கேட்டதும் பேச்சு தானாகச் சுருங்கிவிடும்.

இந்த ஜூனில் விற்பனைத் தலைவர் பிரென்ட் ஒரு பள்ளி வாரியத்திடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு வந்தார்: வழித்தடங்கள், பெற்றோருக்கான செயலி, பேருந்து எங்கே வருகிறதென்று காட்டும் வரைபடம். செப்டம்பரில் பள்ளி திறக்கும் நாளுக்குள் அத்தனையும். எங்களுக்கோ அது டிசம்பர்வரை இழுக்கும் வேலை. தவறினால் வாரியம் கைவிட்டுப் போய்விடும். கூடவே எங்களில் பாதிப் பேரின் வேலையும்.

"முடியாதுன்னு மட்டும் சொல்லிடாத, டார்லீன். வாக்குக் குடுத்துட்டேன்."

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்? அவங்களையே கேட்டுருவோம்."

எல்லோருக்கும் கேட்கும்படி டார்லீன் வாரியத்தின் போக்குவரத்து அதிகாரி லொரெய்னைத் தொலைபேசியில் அழைத்தார். "மொத நாள் ஒண்ணே ஒண்ணுதான் ஓடும்னா, எது ஓடணும் லொரெய்ன்?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு? எந்தப் புள்ள எந்த பஸ், எங்க இறங்கணும், அவ்வளவுதான். அஞ்சு வயசுக் குழந்தை தப்பான எடத்துல இறங்கிடுச்சுன்னா என்னால தாங்கவே முடியாது. மேப்பா? அத கிறிஸ்மஸுக்குக் குடுங்க, போதும்."

பிரென்ட்டின் காதுகள் சிவந்தன.

அன்றே அட்டவணை மாறியது. வழித்தடங்கள் ஆகஸ்ட் இருபதுக்குள். அதன்பின் இரண்டு வாரம் காலிப் பேருந்துகளை ஓட்டிப் பார்க்க. அந்த இரண்டு வாரத்தின் மேல் பிரென்ட்டுக்கு ஒரு கண்.

"சும்மாதானே கெடக்கு? செயலியையும் சேத்துக்கலாமே, சின்ன வேலைதான்."

"தாராளமா. அதுக்குப் பதிலா பட்டியல்லேர்ந்து எதை எடுக்கட்டும், பிரென்ட்?"

அவர் பட்டியலை மேலும் கீழும் பார்த்தார். எடுப்பதற்கு எதுவும் கிடைக்கவில்லை.

சோதனை ஓட்டத்தில் ஒன்பது பேருந்துகள், பழுதுபார்க்க மூடியிருந்த ஒரு பாலத்தின் முன்னால் வரிசையாகப் போய் நின்றன. நல்லவேளை, உள்ளே பிள்ளைகள் இல்லை. எங்கள் மூத்த நிரலாளர் தோமஸ் நான்கு நாளில் அதைச் சரிசெய்தார். கையில் இன்னும் ஆறு நாள் மிச்சமிருந்தது.

பள்ளி திறந்த அன்று விடியுமுன்பே தோமஸ் திரைமுன் உட்கார்ந்துவிட்டார். ஒன்பது பத்துக்கு லொரெய்ன் அழைத்தார்.

"ஆறாயிரத்து இருநூறு புள்ளைங்க! ஒண்ணுகூட மாறல! சத்தம் கேக்குதா? டிரைவருங்க எல்லாம் ஹாரன் அடிக்கிறாங்க!"

பிரென்ட் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினார். மேசைகளைத் தட்டித் தட்டி எங்கள் கைகள் சிவந்துவிட்டன. கீழே இறங்கியவர் டார்லீனைக் கட்டிக்கொண்டார். "இனிமே வாக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி உன்னக் கேக்கறேன், போதுமா?"

"எழுதிக் குடு."

சொல்லிவிட்டு டார்லீன் நேரே தோமஸிடம் போனார். அவருடைய திரையை அணைத்தார். நாற்காலி முதுகில் தொங்கிய மேலங்கியை எடுத்து உதறி, தோமஸ் கைகளை நுழைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்ப வாகாக விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.