ரிவர்ஸ்டன் கொடி

எங்கள் குசினியில் அடுப்புமேடைக்குக் கீழே ஒரு நீல வாளி இருந்தது. மூடியைத் திறந்தால் கித்துள் பனையின் பாணியைவிடக் கெட்டியாக, பழுப்பு நிறத்தில் ஒன்று மினுங்கும். விரலில் பட்டுவிட்டால் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் பிசுபிசுப்பு லேசில் போகாது. அதன் பெயர் லெசிதின். சோயா எண்ணெயைச் சுத்தம் செய்யும்போது பிரிந்து வருகிற சாமான். அப்பாவுக்கு டொக்டர் பட்டம் கொடுத்தது எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை, அந்த வாளிதான்.

கல்யாணத்துக்கு முன்பு அப்பா கொழும்பில் ஒரு மொத்தக் கடையில் வேலை செய்தார். அங்கே ஒரே பீப்பாயிலிருந்து ஊருக்கெல்லாம் லெசிதின் போகுமாம். சொக்லேட் செய்கிறவர்கள் குழம்பு இளகி ஓடுவதற்கு வாங்குவார்கள். பேக்கரிக்காரர்களுக்குப் பாண் மெத்தென்று இருக்க வேண்டும். பெயின்ட் அரைக்கிறவர்களுக்கு நிறத்தூள் அடியில் தங்கக் கூடாது. தோல் பதனிடுகிறவர்கள், மருந்துக் குளிசை செய்கிறவர்கள், கன்றுகளுக்குப் பால்மா கலக்குகிறவர்கள் என்று எல்லாரும் வருவார்களாம். அப்பா அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சோறு ஆறிப்போகும். "எண்ணெயும் தண்ணியும் மூஞ்சி குடுத்துப் பேசாதும்மா. இது நடுவுல நின்னு ரெண்டு பேரோட கையையும் புடிச்சுக்கும். முட்டை மஞ்சக்கருவுலயும் இதுதான் இருக்கு" என்பார். அப்படிப் பேசும் அப்பாவை எனக்கு மிகவும் பிடிக்கும்.

சொந்த ஊரான மாத்தளைக்குத் திரும்பியதும் கண்டி வீதியில் ஒரு ஸ்பைஸ் கார்டனில் அவருக்கு வேலை கிடைத்தது. சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு மிளகுக் கொடியையும் கறுவாப் பட்டையையும் காட்டி, கடைசியில் கடைக்குக் கூட்டிப்போய் எண்ணெயும் கிறீமும் விற்க வேண்டும். அதற்கு ஒரு வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள். கோட்டைக் கண்டவர்கள் டொக்டர் என்றார்கள். அப்பா மறுக்கவில்லை. தேங்காயெண்ணெயும் கறுவா எண்ணெயும் கற்றாழைச் சாறும் சேர்த்து எங்கள் குசினியிலேயே அவர் ஒரு கிறீம் அடித்தார். ஒருமுறை வாளி காலியான நேரம் லெசிதின் இல்லாமல் அடித்துப் பார்த்தார். விடிந்து பார்த்தால் எண்ணெய் மேலே, தண்ணீர் கீழே.

இது எப்படி இவ்வளவு வழுவழுப்பாக இருக்கிறது என்று வாங்குகிறவர்கள் கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் ஒரு குறையும் வந்துவிடாது. பயிரிலிருந்து வருவது, தின்னக்கூடியது. ஆனால் அப்பா, "சோயான்னு சொன்னா கறிக்குப் போடுற சோயா மீட்டத்தான் நினைப்பாங்க, போத்தல்ல கையே வைக்க மாட்டாங்க" என்று சிரிப்பார். அதனால் அங்கே வேறு கதை சொன்னார். ரிவர்ஸ்டன் மலையில் பனிக்குள்ளேயே வளரும் கொடி ஒன்று இருக்கிறது, அதன் சாறுதான் எண்ணெயையும் தண்ணீரையும் சேர்க்கிறது, தோலையும் சேர்க்கும், பெயரை மட்டும் கேட்காதீர்கள். நான் அப்போது உயர்தர வகுப்பில் இரசாயனம் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் பிள்ளைகள் முகப்பருவைக் காட்டி, "டொக்டர் மகள், இதுக்கு என்ன போடலாம்?" என்று கேட்பார்கள். எங்காவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போலிருக்கும்.

ஸ்பைஸ் கார்டனில் புல் வெட்ட இரத்தோட்டைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வரும் பெண்களில் ஒரு அக்கா இருந்தார். மட்டக்களப்பிலிருந்து வந்த கூட்டத்துக்கு அப்பா தமிழில் சொன்ன கொடிக் கதையை அவரும் கேட்டிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உரப் பை ஒன்றோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். அவருடைய மகனுக்குக் காலெல்லாம் தோல் வெடித்து நீர் வடியுமாம். ஆஸ்பத்திரி மருந்து பூசினால் அடங்கி, பிறகு திரும்ப வருமாம். பைக்குள் விதவிதமான கொடிகள். "இதுல எதுங்க டொக்டர் ஐயா?"

அப்பா உள்ளே போய் ஒரு போத்தல் கிறீம் கொண்டுவந்து சும்மாவே நீட்டினார். அக்கா வாங்கவில்லை. "இது தீந்தா திரும்ப ஒங்ககிட்டதானே ஐயா வந்து நிக்கணும்? கொடியக் காட்டுங்க, நானே அரைச்சிக்கிறேன்." அப்பா ஒவ்வொரு கொடியாக எடுத்தார். இலையைக் கசக்கினார். முகர்ந்தார். "இது இல்ல தங்கச்சி" என்றார். அவர் முகர்ந்ததைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. இல்லாத கொடியின் வாசனை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்போல முகர்ந்தார்.

அக்கா அடுத்த ஞாயிறும் வந்தார், அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். மழைக்காலம் தொடங்கியிருந்தது. கெண்டைக்காலில் அட்டை கடித்த இடங்களில் இரத்தம் காய்ந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் இன்னும் மேலே ஏறியதாகச் சொல்வார். "உண்மையச் சொல்லிருங்கப்பா" என்று குசினியில் நின்று நான் கெஞ்சினேன். "அடுத்த கிழமை சொல்றேன்" என்றார். பிறகு ஒரு ஞாயிறு அக்கா சேலைத் தலைப்பால் இடது கையை மூடிக்கொண்டு வந்தார். விலக்கியபோது முழங்கைவரை வீங்கி, கொப்புளம் கொப்புளமாக இருந்தது.

"பிள்ளைக்குப் போடல ஐயா. மொதல்ல நான் அரைச்சுப் போட்டுப் பாத்தேன். அப்ப இதுவும் இல்லதானே?"

அப்பா அந்த இடத்திலேயே குந்திவிட்டார். பிறகு எழுந்து குசினிக்குப் போய் நீல வாளியைத் தூக்கிவந்து அக்காவின் முன்னால் வைத்து மூடியைத் திறந்தார். "கொடின்னு ஒண்ணும் இல்ல தங்கச்சி. நான் சொன்னது பொய். இது சோயா. இதுவும் புண்ண ஆத்தாது, கிறீமப் பிரியாம வைக்கும், அவ்வளவுதான். நான் டொக்டரும் இல்ல. கையக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போங்க, நான் கூட வாறேன்." அக்கா வாளியை எட்டிப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"எங்களுக்குச் சொல்ல இஷ்டமில்லன்னா இல்லன்னே சொல்லிருங்க ஐயா. தோட்டத்து ஆளுன்னு இப்படிப் பொய் சொல்லாதீங்க."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்பா வாசல் கேற்றுவரை பின்னால் போனார். அக்கா திரும்பவில்லை, பிறகு ஸ்பைஸ் கார்டனுக்கு வேலைக்கும் வரவில்லை. அப்பா கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு ஹார்ட்வெயார் கடையில் கணக்குப்பிள்ளையாகச் சேர்ந்தார். கிறீம் செய்வதை விட்டார், சாப்பிடும்போது பேசுவதையும் விட்டார். அக்கா எந்தத் தோட்டம் என்று விசாரித்துக்கொண்டு அப்பா ஒருநாள் இரத்தோட்டைக்குப் போய், கண்டுபிடிக்க முடியாமல் திரும்பி வந்தார். பல வருடம் கழித்து நான் டீச்சரானேன்.

போன மாதம் இரத்தோட்டைப் பாடசாலை ஒன்றில் பயிற்சி வகுப்பு முடித்துவிட்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் கைக்குழந்தையோடு இருந்த இளம்பெண் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் யார் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். "நீங்க அந்த டொக்டர் ஐயா மகள்தானே, டீச்சர்?" என்று கேட்டு, போனில் ஒரு படத்தைக் காட்டினாள். பனிக்குள் பாறையைப் பற்றிப் படர்ந்த ஒரு கொடி. ரிவர்ஸ்டன் வீதியின் பெரிய வளைவுக்கு மேலே அவள் புருஷன் ஏறி எடுத்ததாம். குழந்தையின் கன்னமும் கழுத்தும் சிவந்து வெடித்திருந்தன.

அப்படி ஒரு கொடியே இல்லை என்றேன். அப்பாவின் கிறீமில் இருந்தது சோயாவிலிருந்து எடுப்பது, பிஸ்கட்டிலும் பெயின்டிலும்கூடப் போடுவது, புண்ணுக்கு மருந்தே இல்லை என்றேன். எதையும் பிள்ளைமேல் பூசிவிட வேண்டாம், தோல் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள் என்று கையைப் பிடித்துச் சொன்னேன். எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு போனைப் பைக்குள் வைத்தபடி, கோபமே இல்லாமல் சொன்னாள்.

"ஐயாவும் இப்படித்தான் சொன்னாராம்."