கிட்டார் பையில் வந்த துப்பாக்கி

குமாரதாஸ் வாழ்க்கையில் ஒரே ஒரு பொய்தான் சொன்னார் என்பாள் அவர் மனைவி நேசபாய். கட்டின மனைவி சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. பட்டாளத்தில் லீவு வாங்க அவரும் நாலு பொய் சொல்லித்தான் இருப்பார். ஆனால் போலீஸை வரவழைத்து, ஊர் முழுக்கச் செல்போன் செல்போனாக ஓடிய பொய் அந்த ஒன்றுதான். அதுவும் ஒரு சின்னப் பெண் பயந்துவிடக் கூடாதே என்று சொன்னது. மனிதன் நல்லது நினைத்தாலும் வம்புதான், என்ன செய்ய.

ஆள் யாரென்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். திருவட்டாறுக்குக் கிழக்கே, ரப்பர் மரங்களுக்கு நடுவே வீடு. பள்ளிக்கூடம் முடித்த கையோடு நாகர்கோவிலில் ஆள் எடுப்புக்கு ஓடிப் பட்டாளத்தில் சேர்ந்தவர். எல்லையில் வீரதீரம் ஏதாவது காட்டினீர்களா என்று கேட்டால் அவருக்கே சிரிப்பு வரும். சர்வீஸில் பாதி ஏதோ ஒரு வெடிமருந்துக் கிடங்கின் வாசலில் நின்றே போயிற்று. ஹவில்தாராக ஓய்வுபெற்று வந்து, லைசென்ஸ் எடுத்து, ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கி வாங்கி, மார்த்தாண்டத்தில் ஒரு நகைக்கடை வாசலில் நின்றார். இங்கேயும் நிற்கிற உத்தியோகம்தான். துப்பாக்கி சொந்தமாக இருந்தால்தான் கன்மேன். அது கையில் இல்லாவிட்டால் அந்த வேலையும் இல்லை.

அந்தத் துப்பாக்கி ஒரு மனிதனுக்கு நேராகவும் நீண்டதில்லை. கல்யாண நகை எடுக்க வருகிறவர்கள் பிள்ளைகளை அவர் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுப்பார்கள். ஒரு குழந்தை மீசையைப் பிடித்து இழுக்கும். இவர் அசையாமல் நிற்பார். காலையில் கடை ஜீப் வந்து கூட்டிப்போகும், இரவில் கொண்டுவந்து விடும். துப்பாக்கியோடு அவர் ஊருக்குள் நடந்ததே கிடையாது.

தேர்தல் வந்தது. தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும்; எல்லாம் முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். குமாரதாஸ் இதில் ரொம்பக் கறார். அறிவிப்பு டிவியில் வந்த மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். இந்தத் தடவை கடை ஜீப் ரிப்பேர். மகன் எபின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ரெண்டு நாள் பொறுத்தால் குடியா முழுகிவிடும்? மனிதருக்குப் பொறுக்கவில்லை. பஸ்ஸிலேயே போகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

"இதத் தோளில போட்டுட்டா போறீங்க? பஸ்ஸில பெண்ணுவ, பிள்ளைய எல்லாம் இருக்கும். பேடிக்காதா?" என்றாள் நேசபாய்.

நியாயமான கேள்வி. அதற்கு அவளே கண்டுபிடித்த வழிதான் அநியாயம். எபின் சர்ச்சில் கொயருக்குக் கிட்டார் வாசிக்கிறவன். அவனுடைய கிட்டாரை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு, அந்தப் பைக்குள் துப்பாக்கியை இறக்கினாள். ஜிப் முழுக்க ஏறவில்லை. மேலே நீட்டிக்கொண்டிருந்த துப்பாக்கிக் கட்டையைத் தோளில் போடுகிற துவர்த்து ஒன்றால் மூடி, முனையை உள்ளே செருகிவிட்டாள்.

"இப்ப பாத்தா பாட்டுக்காரன் போல இருக்கீங்க. கொள்ளாம்."

தோட்டாக்களைத் தனியாக ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக்கொண்டு, வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாகக் குமாரதாஸ் பஸ் ஏறினார். ஜன்னலோர இடம் கிடைத்தது. பையைக் கால்களுக்கு நடுவே நிறுத்திப் பிடித்துக்கொண்டார். அடுத்த ஸ்டாப்பில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த பெண் ஜாஸ்மி. நர்சிங் முதல் வருஷம் படிக்கிறவள், அவரை முன்பின் தெரியாதவள். உட்கார்ந்ததும் பையைப் பார்த்தாள்.

"அங்கிள், கிட்டாரா?"

பஸ்ஸில் நல்ல கூட்டம். துப்பாக்கி என்று சொன்னால் இந்தப் பிள்ளை அலறும், பின்னால் நிற்கிற கிழவிகள் அலறுவார்கள். அவருக்கு வாய் தானாகத் திறந்தது.

"ஆமா மக்ளே. கிட்டார்தான்."

அதோடு விட்டாளா? அவளும் கொயரில் பாடுகிறவளாம். எந்தச் சர்ச்சில் வாசிப்பீர்கள், எத்தனை வருஷமாக வாசிக்கிறீர்கள் என்று தோண்டத் தொடங்கினாள். "கிறிஸ்மஸுக்கு மட்டும்தான் மக்ளே" என்று சமாளித்தார் மனிதர். வேர்த்து ஊற்றியது. வெடிமருந்துக் கிடங்கு வாசலில்கூட அவருக்கு அப்படி வேர்த்ததில்லை.

ஒரு வளைவில் எதிரே ரப்பர் தடி ஏற்றிய லாரி வந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். பை குமாரதாஸின் கையிலிருந்து நழுவி விழுந்தது. துவர்த்து ஒரு பக்கம் போக, ஜிப் பிளந்து, துப்பாக்கியின் கட்டையும் விசையும் குழலும் ஜாஸ்மியின் காலடியில் வந்து கிடந்தன. துப்பாக்கி தரையில் கிடக்கக் கூடாது என்பது பட்டாளக்காரன் ரத்தத்தில் ஊறினது. சட்டென்று குனிந்து அதைக் கையில் எடுத்துவிட்டார். எடுத்ததுதான் வினை. அலறல் கிளம்பி, பஸ் நின்று, ஆட்கள் இரண்டு வாசல் வழியாகவும் சாடி இறங்கினார்கள். ஜாஸ்மி எல்லாருக்கும் முன்னால் இறங்கிப் போலீஸுக்குப் போன் போட்டாள்.

பஸ்ஸில் மிஞ்சினது கண்டக்டர் ரதீஷ் மட்டும். குமாரதாஸ் குழலை மடக்கித் திறந்து, காலியாக இருந்த இரண்டு ஓட்டைகளையும் அவனுக்குக் காட்டினார். பிறகு துப்பாக்கியை சீட்டில் வைத்துவிட்டு, கையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

"லைசென்ஸ் உண்டு. நான் ஸ்டேஷனுக்குத்தான் போறேன்."

"இனி ஸ்டேஷனுக்குத்தானே போவணும்" என்றான் கூட்டத்தில் ஒருவன். எல்லாரும் படம் எடுத்தார்கள். போலீஸிடம் ஒப்படைக்கப் போன மனிதரைப் பிடிக்கப் போலீஸே வந்து சேர்ந்தது.

ஸ்டேஷனில் இருந்த இன்ஸ்பெக்டர் புதிதாக மாறுதலில் வந்தவர். லைசென்ஸைப் புரட்டிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. பையைத் தூக்கிப் பார்த்தபோதுதான் முகம் மாறியது.

"எதுக்குய்யா ஒளிச்சு எடுத்துட்டு வந்தீங்க? கிட்டார்னு வேற சொன்னீங்களாமே?"

நடந்ததைச் சொல்லப் போலீஸ் அழைத்து வந்திருந்த ஜாஸ்மி மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். "நான் கேட்டேன் சார். கிட்டார்னுதான் சொன்னாரு."

"அந்தப் பிள்ள சொல்லியது சரிதான் சார். நான் பொய் சொன்னேன். ஆளுவ பேடிக்கக் கூடாதுன்னு நெனச்சேன்" என்றார் குமாரதாஸ்.

"ஒளிச்சு வச்சாத்தான்யா பயப்படுவாங்க. தேர்தல் முடியட்டும். இத உங்ககிட்ட திரும்பக் குடுக்கணுமா, லைசென்ஸைக் கேன்சல் பண்ணச் சொல்லி எழுதணுமான்னு அப்பப் பாத்துக்கலாம்."

வெளியே வரும்போதும் ஜாஸ்மி அழுதபடியே, "ஸாரி அங்கிள்" என்றாள்.

"நீ போலீஸ விளிச்சதுதான் சரி மக்ளே. என்னத்துக்குக் கரையிய?" என்று சொல்லிவிட்டு வந்தார். வீடு வந்து சேர்ந்த பிறகு அவருக்கே கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷம் சீருடை போட்டவனைக் கை தூக்கி நிற்க வைத்துவிட்டார்கள் என்ற அவமானம் நெஞ்சை அறுத்தது. நேசபாய், "எல்லாம் எனக்க புத்தி" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பஸ்ஸில் துப்பாக்கியோடு மர்ம நபர் என்று படம் வீடு வீடாகப் போயிற்று. படத்தைப் பார்த்த நகைக்கடை முதலாளி சுருக்கமாகப் பேசினார்: துப்பாக்கி திரும்பக் கிடைத்தால் வாருங்கள், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம். சர்ச்சில் எபினைப் பிடித்து, "ஏலே, உனக்க அப்பா என்ன பாட்டுலே வாசிக்கியாரு?" என்று கேலி பண்ணினார்கள். குமாரதாஸ் கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார ஆரம்பித்தார். பையிலிருந்து எடுத்த கிட்டாரை மறுபடியும் அதில் வைக்க எபினுக்கு மனம் வரவில்லை. அது சுவரோரம் வெறுமனே சாய்ந்து கிடந்தது.

ஓட்டு எண்ணி முடிந்து, ஜெயித்தவர்கள் வெடி போட்டு ஓய்ந்த பிறகு ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். பட்டாளத்துக்குப் போன நாளில்கூட அவர் அப்படிப் பயந்ததில்லை.

இன்ஸ்பெக்டர் அவரை உட்காரச் சொன்னார். "அந்தப் பொண்ணு அம்மாவைக் கூட்டிட்டு இங்க வந்துச்சு. உங்களுக்கு வேலை போயிடும்னு யாரோ சொல்லிருக்காங்க. நீங்க குழலைத் திறந்து காட்டிட்டுத்தான் இறங்கினீங்கன்னு கண்டக்டர் சொன்னதையும் அது சொல்லிச்சு. நான் அதுகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். இனி அந்த ஆளு துப்பாக்கியோட பஸ்ஸுல வந்தா பக்கத்துல உக்காருவியான்னு."

குமாரதாஸ் நாற்காலி நுனிக்கு வந்தார். "என்ன சொன்னா சார்?"

"துப்பாக்கின்னு நேராச் சொன்னா உக்காருவேன், கிட்டார்னு சொன்னா உக்கார மாட்டேன்னுச்சு." இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே துப்பாக்கியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "பையெல்லாம் வேண்டாம். நேரா எடுத்துட்டுப் போங்க."

அன்று அவர் கடைச் சீருடை போட்டுத்தான் வந்திருந்தார். வாங்கியதும் கடைக்குப் போன் பண்ணினார். நாளைக்கு ஜீப் வரும் என்றார்கள். அதுவரை பொறுக்குமா? குழலை மடக்கித் திறந்தபடியே கைமடிப்பில் தாங்கிக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் ஏறினார். ரதீஷ் திறந்திருந்த குழலை எட்டிப் பார்த்துவிட்டு டிக்கெட் கிழித்தான். நிற்கிறவர்கள் இத்தனை பேர் இருந்தும் அவர் பக்கத்து இடம் காலியாகவே கிடந்தது. அவர் வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் எரிந்தது.

கல்லூரி ஸ்டாப்பில் ஜாஸ்மி ஏறினாள். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றாள். கேட்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

"மக்ளே, இது துப்பாக்கி" என்றார், பஸ் முழுக்கக் கேட்கும்படி. "லைசென்ஸ் உண்டு. உள்ள தோட்டா இல்ல."

ஜாஸ்மி பக்கத்தில் உட்கார்ந்து புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப கிட்டார் எங்க அங்கிள்?"

"வீட்டில கெடக்கு. எனக்கு அது வாசிக்கத் தெரியாது மக்ளே."