பழைய படம் திறக்கும் நேரம்

செம்பூரிலிருந்து ஐரோலியில் உள்ள அலுவலகத்துக்கு வண்டி மாறிப் போகும்போது, ரயிலில் இடம் கிடைத்தாலும் அந்த மாதம் நான் நின்றுகொண்டேதான் போனேன். உட்கார்ந்தால் கால் தானாக ஆடியது. பக்கத்தில் இருந்தவர்கள் முறைத்தார்கள். மருத்துவமனைகளின் ஸ்கேன் படங்களைச் சேமித்து வைக்கும் நிறுவனத்தில் எனக்கு வேலை. படங்கள் திறக்கத் தாமதமாகிறது என்று குர்லாவில் ஒரு மருத்துவமனை ஓயாமல் புகார் செய்தது. வேகமான புது டிஸ்குகள் போட்டால் சரியாகிவிடும் என்று மேலாளரிடம் அடித்துச் சொன்னவன் நான்தான். வாங்கிக் கொடுத்தார். மாட்டினோம். புகார் நிற்கவில்லை.

என் திரையிலோ எந்தக் கோளாறும் தெரியவில்லை. புது டிஸ்குகள் பாதி நேரம் சும்மா கிடந்தன. அதுதான் என்னை அரித்தது. அங்கே நெட்வொர்க் சரியில்லையோ என்னவோ என்று மேலாளரிடம் சமாளித்தபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. மறுநாள் காலை ஐரோலிக்குப் போகாமல், எதிர்த்திசை வண்டி ஏறிக் குர்லாவில் இறங்கினேன்.

ஸ்கேன் அறையின் டெக்னீஷியன் தாராவியைச் சேர்ந்த பெண். நான் தமிழ் என்று தெரிந்ததும் ஹிந்தியை விட்டுவிட்டார்.

"இங்கன உக்காந்து ஒரு மணி நேரம் பாருங்க சார், தெரியும்."

ஒரு பெண்ணின் நுரையீரல் படம், அன்று எடுத்தது, சட்டென்று திறந்தது. டாக்டர் இன்னொரு படம் கேட்டார். திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே பெஞ்சில் அந்தப் பெண், கணவரின் கையைப் பிடித்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எந்தப் படம்?" என்று கேட்டேன்.

"போன வருசம் எடுத்தது. கட்டி வளந்துருக்கா, சுருங்கிருக்கான்னு பழசப் பக்கத்துல வச்சுத்தான சார் பாப்பாவ?"

எனக்கு முகம் சுட்டது. ஒரு மாதம் தாண்டிய படங்களை மெதுவான பழைய டிஸ்குக்குத் தள்ளும் கணினி விதியை எழுதியவன் நான். பழசை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நானாகவே முடிவுசெய்திருந்தேன்.

அன்று மதியமே மேலாளரிடம் போய், தப்பு டிஸ்கில் இல்லை, என்னிடம்தான் என்று ஒப்புக்கொண்டேன். அவர் நெற்றியைத் தேய்த்தார், திட்டவில்லை. நோயாளிக்கு அப்பாயிண்ட்மென்ட் பதிவானதுமே அவருடைய பழைய படங்கள் வேகமான டிஸ்குக்கு வந்துவிடும்படி நான்கு நாளில் மாற்றினோம்.

அடுத்த வாரம் டெக்னீஷியனே ஃபோன் செய்தார். "இப்ப டக்குனு தொறக்கு சார். என்ன பண்ணுனீங்கன்னு டாக்டரே கேட்டாவ."

சந்தோஷம் சாப்பாட்டு நேரம் வரைகூடத் தாங்கவில்லை. வேறு மருத்துவமனைகளுக்காக யாரையும் கேட்காமல் நான் எழுதிய மற்ற விதிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பட்டியலைத் திறந்து, முதல் வரியில் இருந்த மருத்துவமனையின் ஃபோன் எண்ணைத் தேடினேன்.