தமிழ் ஒட்டிய சீன மெஷின்

புனே பக்கம் ரஞ்சன்காவில் ஏ.சி. உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் ராமநாதன் மெக்கானிக். மனைவி லலிதா காலமான பிறகு போபோடியில் ஒற்றை அறையில் தனியாக இருந்தார்.

எல்லையில் சண்டை நடந்த வருடம் சீனாவிலிருந்து பெரிய மெஷின் ஒன்று வந்து இறங்கியது. அதைப் பொருத்தித் தர வேண்டிய சீன இன்ஜினியர் லின் மட்டும் வரவில்லை. விசா கிடையாது என்று டெல்லி சொல்லிவிட்டது. ஒரு கையில் போனைப் பிடித்தபடி, லின் சொல்லச் சொல்ல, பத்தொன்பது நாளில் ராமநாதனே மெஷினை ஓட வைத்தார். சீன எழுத்துப் பொத்தான்களின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிப் பெயர் எழுதினார், தமிழில். நாளெல்லாம் மராத்தியும் ஹிந்தியும் கேட்கிற மனிதருக்குக் கண்ணுக்காவது நாலு தமிழ் எழுத்து வேண்டாமா?

மெஷின் நின்றால் அவரைத் தவிர வேறு ஆளில்லை என்றாகிவிட்டது. ஐம்பத்தெட்டு முடிந்தும் வருடா வருடம் நீட்டிப்பு. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்.

மெஷின் எப்படி ஓடுகிறது என்று கேட்கச் சனிக்கிழமைதோறும் லின் அழைப்பார். போனே மொழிபெயர்க்கும். முதல் கேள்வி எப்போதும், "சாப்பிட்டீர்களா?" புனேயில் அவரை அப்படிக் கேட்க வேறு யாருமில்லை. அந்த வேலையை அவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததே இதற்காகத்தான்.

புனேயிலேயே கராடியில் ஐ.டி. வேலையில் இருக்கும் தங்கை மகன் அனிருத் எப்போதாவது பேசுவான். "மாமா, அமெரிக்காக்காரன் விசா கட்டணத்த ஏத்திட்டான். அங்க பண்ண வேலையெல்லாம் இங்க வந்துருச்சு. எனக்கு ப்ரமோஷன்." அங்கே அடைத்த கதவு அவனுக்குச் சோறு போட்டது.

இங்கே அடைத்த கதவைத்தான் டெல்லி திறந்தது. லின்னுக்கு விசா கிடைத்தது. ராமநாதன் விடியற்காலையில் எழுந்து, பொடி தடவிய இட்லி பத்து கட்டிக்கொண்டு போனார். லின் அவரைத் தாண்டிப் போய் மேனேஜரிடம் கை குலுக்கினார். பாவம், இத்தனை வருடமும் போன் கேமரா காட்டியது மெஷினையும் அதைத் தொடும் கையையும்தான், முகத்தை அல்ல. மெஷினருகே ராமநாதனின் நகம் போன கட்டைவிரலைக் கண்டதும் நின்று, அந்தக் கையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். போன் தமிழில் கேட்டது, "சாப்பிட்டீர்களா?" ராமநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மூன்றே நாளில் லின், யார் வேண்டுமானாலும் படித்து ஓட்டும்படி ஹிந்தித் திரை ஒன்றைப் பொருத்தி, ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாக உரித்துப் போட்டார். ஊருக்கும் கிளம்பிவிட்டார். இந்த வருடம் நீட்டிப்பு இல்லை என்று மேனேஜர் மரியாதையாகவே சொன்னார்.

சனிக்கிழமை வந்தது. லின் அழைக்கவில்லை. ராமநாதன் போனில் அவர் பெயரை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எது பழுதாகிவிட்டது என்று சொல்லி அழைப்பது?