பள்ளிக்கூட கேட்டில் நின்ற பிள்ளை

எங்கே போனாலும் நேரத்துக்கு முன்னால் போய்விடுவது என் பழக்கம். ஒருமுறை கல்யாண மண்டபத்துக்கு நான் போனபோது நாற்காலிகூட வந்து இறங்கவில்லை. என்னைச் சமையல் ஆள் என்று நினைத்த ஒருவர் வெங்காய மூட்டையை எங்கே வைப்பது என்று கேட்டார். நானும் இடம் காட்டினேன்.

இதில் வேடிக்கை, என் பிழைப்பே காத்திருப்பவர்களோடுதான். ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை. துறைமுகத்துக்குள் போக வேண்டிய கண்டெய்னர்களுக்குச் சுங்கக் காகிதம் தயார் செய்வோம். எண்ணூர் சாலையில் டிரெய்லர்கள் ஒன்றின் பின்னால் ஒன்றாக நிற்கும், டிரைவர்கள் வண்டிக்கடியில் பாய் போட்டுத் தூங்குவார்கள். அவர்களுக்கெல்லாம் வராத பதற்றம் எனக்கு வரும்.

நாற்பதைத் தாண்டியபின் இந்தப் பதற்றத்துக்கு ஒரு காரணம் கிடைத்தது. எங்கள் மாதா கோயிலில் குடும்ப ஆலோசனை மையம் ஒன்று தொடங்கப்போவதாகவும், அதற்கு முறையாகப் படித்தவர்கள் வேண்டும் என்றும் சாமியார் பூசை முடிவில் அறிவித்தார். முதலில் பெயர் கொடுத்தது நான்தான் என்று சொல்லத் தேவையில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில், ஞாயிறு மதியங்களில் உளவியல் ஆலோசனை டிப்ளமா வகுப்பு. பாடம் எடுத்த மேடம் மிக மெல்லிய குரலில் பேசுவார். மேசைமேல் எப்போதும் ஒரு டிஷ்யூ பெட்டி இருக்கும்.

மேடம் சொன்னது இதுதான். மனிதனின் குணம் குழந்தைப் பருவத்திலேயே வார்க்கப்பட்டுவிடுகிறது. அப்போது பட்ட அடியை மனசு மறந்துவிட்டதாகக் காட்டிக்கொள்ளும், ஆனால் மறப்பதில்லை. நமக்கே தெரியாத அடித்தட்டில் அதைப் போட்டு வைத்திருக்கும். அதை நனவிலி மனம் என்கிறார்கள். அங்கிருந்து அது நம் கோபமாக, பயமாக, பிடிவாதமாக வெளியே வந்துகொண்டே இருக்கும். கேட்கக் கேட்க எனக்குப் புல்லரித்தது. ஆறு வயதுக்குள் படம் முடிந்துவிடுகிறது, மீதி ஆயுள் முழுக்க அதன் மறுஒளிபரப்பு. இது தெரியாமல் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பில் டியூஷன் வைக்கிறோமே என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு எல்லோருக்கும் ஒரு வேலை கொடுத்தார். தன்னிடமுள்ள ஒரு குணத்தை எடுத்துக்கொண்டு, அதன் வேரைக் குழந்தைப் பருவத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நான் தேடவே வேண்டியிருக்கவில்லை. என்னிடம் தயாராக ஒன்று இருந்தது.

என் அப்பா துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் இயந்திரம் ஓட்டினார். நாங்கள் அவரை நைனா என்று கூப்பிடுவோம். நான் ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள் அவர்தான் என்னைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டும். வரவில்லை. எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டார்கள். பச்சை பெயின்ட் அடித்த இரும்பு கேட்டைப் பிடித்தபடி நான் நிற்கிறேன். வாட்ச்மேன் பரிதாபப்பட்டு, தன் டீயில் பொறை ரொட்டியை நனைத்துத் தருகிறார். வெளிச்சம் மங்குகிறது. அன்றைக்குக் கப்பலில் சரக்கு தூக்கும் கயிறு அறுந்து, நைனா மயிரிழையில் தப்பியிருக்கிறார். இருட்டும் நேரத்தில் மூச்சு வாங்க ஓடிவந்து என்னைத் தூக்கிக்கொள்கிறார்.

இதை வகுப்பில் சொன்னபோது எனக்கே குரல் தழுதழுத்தது. மேடம் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்திவிட்டு, தானும் ஒன்று எடுத்துக்கொண்டார். “அந்தக் குழந்தை இன்னும் கேட்டிலேயே நிற்கிறாள். யாரையும் காக்க வைத்துவிடக் கூடாது என்றுதான் நீங்கள் ஓடுகிறீர்கள்” என்றார். பின் வரிசையில் ஒரு பி.டி. மாஸ்டர் மூக்கைச் சிந்தினார். வாழ்க்கையில் முதல்முறையாக நான் ஆழமான பெண்ணாகத் தெரிந்தேன். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டேன்.

நேராக அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, அந்த நாள் என்னை எப்படி வார்த்துவிட்டது என்று பொறுமையாக விளக்கினேன். அவள் செதில் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

“நீ இன்னாடி ஒளர்றே? அன்னிக்கு ஒனக்கு அம்மை போட்டு வூட்ல படுத்துகினு இருந்தே. ஒன்ன வுட்டுட்டு வர முடியாமதான் நைனாவைப் போவச் சொன்னேன். கேட்டுல நின்னது உங்க அக்கா.”

“எனக்கு அந்தப் பொறையோட ருசிகூட ஞாபகம் இருக்கும்மா.”

“அம்மைல கெடந்த புள்ளைக்கு இளநிதான் குடுத்தேன். பொறையாம் பொறை!”

எப்படி நடந்தது என்று பிறகு யோசித்தபோது புரிந்தது. நைனா உயிர் பிழைத்ததற்கு நன்றியாக அம்மா ஒவ்வொரு வருடமும் மாதா கெபியில் பெரிய மெழுகுத்திரி ஏற்றுவாள். போகும் வழியெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே வருவாள். “கயிறு அறுந்துட்ச்சி, புள்ள அங்க கேட்டுல நின்னுகினு கீது” என்பாள். எந்தப் பிள்ளை என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த நான், பிள்ளை என்றால் நான்தானே என்று எடுத்துக்கொண்டுவிட்டேன். பச்சை பெயின்ட்டும் பொறையும் என் சொந்தச் செலவு.

அக்காவுக்கு போன் செய்தேன். அவள் திருவொற்றியூரில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். ஒன்பதரைக்குத் திறக்கும் என்று போர்டு சொல்லும். அவள் பதினொன்றுக்கு வருவாள். அதுவரை வாசலில் கல்யாணப்பெண்கள் தலையில் துண்டோடு காத்திருப்பார்கள். அவளுக்கு அதில் ஒரு பதற்றமும் இல்லை.

“அந்த நாளா? செம ஜாலிடி! வாட்ச்மேன் எனக்கு ஜாம் பன் வாங்கிக் குடுத்தாரு. ஸ்கூல் மணிய அடிக்க வுட்டாரு. நைனா வந்ததும் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கேன்னு அழுதேன்” என்றாள்.

அடுத்த ஞாயிறு இதையெல்லாம் மேடத்திடம் சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. அவர் துளியும் அசரவில்லை. “உங்களுக்கு நடக்கவில்லை என்பது முக்கியமில்லை. அக்காவின் வலியை ஏன் எடுத்துக்கொண்டீர்கள்?”

“அவளுக்கு வலியே இல்லையாம் மேடம். ஜாலியாக இருந்ததாம்.”

“மறுக்கிறார். தன்னைக் காக்க வைத்த உலகத்தை இப்போது அவர் காக்க வைக்கிறார்.”

ஆக, சீக்கிரம் போகும் என் காரணமும் தாமதமாக வரும் அவள் காரணமும் ஒரே இரும்பு கேட்டுதான். இதில் தோற்பதற்கு வழியே இல்லை என்று தெரிந்ததும் எனக்கு அந்தத் துறைமேல் மரியாதை கூடிவிட்டது. மேடம் மேலும் சொன்னார்: “உண்மையில் அன்று மரணத்தைப் பார்த்தவர் உங்கள் அப்பா. அவரைப் பேச விடுங்கள்.”

நைனாவைப் பேச விடுவதா? அவர் ஓய்வுபெற்றுப் பல வருடங்கள் ஆகின்றன. எழுபதைத் தாண்டியவர். தேவைக்குமேல் பேசமாட்டார். சீட்டு, தாயம், எந்த விளையாட்டும் பிடிக்காது. தெருமுனை கேரம் கிளப்பைக் கடக்கும்போதுகூட எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நடப்பார். அந்த நாளுக்குப் பிறகு எங்களைப் பள்ளிக்கு அழைத்துப்போன காலத்தில், கேட்டைத் திறக்கும் முன்பே எங்களோடு வாசலில் நிற்பார்.

அந்த ஞாயிறு அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சமையலறையில் மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். நான் பயிற்சியில் சொல்லித்தந்தபடி சற்றுப் பக்கவாட்டில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, “நைனா, அந்தக் கயிறு அறுந்த நாளைப் பத்தி நீ பேசுனதே இல்ல. உள்ள எதையாவது வெச்சிகினு இருந்தா சொல்லிடு” என்றேன்.

அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார். என்னைப் பார்த்தார். சமையலறைப் பக்கம் பார்த்தார். அவர் கண் கலங்குவதைக் கண்டு எனக்கு உள்ளுக்குள் ஒரு தொழில் மகிழ்ச்சி வந்தது.

“கயிறு எதுவும் அறுவல” என்றார்.

“இன்னாது?”

“கேரம் ஃபைனல்ஸ்மா. டிபார்ட்மென்ட்டு மேட்ச்சு. புள்ளைய இட்டார மறந்துட்டேன். உங்கம்மாவுக்கு இன்னா சொல்றதுனு தெர்ல. கயிறுனு சொல்லிட்டேன். அவ அயுது, மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டா. அப்பால எப்படி சொல்றது?”

சமையலறையில் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. அம்மா கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

“வருசா வருசம் மெயுகுத்திரி ஏத்தறேன்யா நானு!”

நைனா எழுந்து நின்றார். உட்காரச் சொல்ல யாரும் இல்லை.

அதன்பின் எங்கள் வீடு ஆலோசனை மையம் தேவைப்படும் குடும்பமாகிவிட்டது. அம்மா நைனாவிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டாள். “அந்த ஆளாண்ட சொல்லு, சோறு ஆறுது” என்பாள். அப்போது நைனா இரண்டடி தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார். நடக்காத விபத்துக்கு நன்றி சொன்னது பாவமா என்று கேட்க அம்மா சாமியாரிடம் போனாள். அறுந்துபோகாத கயிறுகளுக்கும் நன்றி சொல்லலாம், மாதா தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதில் மாதா மேலிருந்த சங்கடம் தீர்ந்தது. நைனா மேலிருந்த கோபம் தீரவில்லை.

தகவல் தெரிந்து அக்கா வந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லி நாலு மணிக்கு வந்தாள். நைனா ஒரு மூலையில், அம்மா ஒரு மூலையில். பாதிக்கப்பட்டவள் என்ற முறையில் அவள்தான் கோபப்பட வேண்டியவள். செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்:

“அது சரி, ஜெயிச்சியா நைனா?”

எங்கள் யாருக்கும் கேட்கத் தோன்றாத கேள்வி. நைனா நிமிர்ந்தார். “கடைசி போர்டு. ரெட்டு காயப் போட்டுட்டேன். ஃபாலோவா இன்னொரு காயி போட்டா கப்பு நம்முது. காயி குயி வாய்லயே கீது, ஊதுனா வியும். ஸ்ட்ரைக்கர வெச்சேன். அப்பதான் புள்ள ஞாபகம் வந்திச்சி. கை ஒதறிட்ச்சி.”

“அட, தோத்தியா!” அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“அன்னியோட கேரம் போர்டாண்டயே போவல.”

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அழுகிறாளோ என்று பின்னால் போனேன். அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். “பொய் சொல்லிட்டும் தோத்துட்டு வந்துக்கிறான் பாரு” என்றாள். அன்று மாலை டீயை அவளே கொண்டுபோய் அவர் முன்னால் நங்கென்று வைத்தாள். ஆனால் சர்க்கரை சரியாக இருந்தது என்று நைனா என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

இப்போது அவர் தினமும் காலையில் தெருமுனை கிளப்புக்குப் போகிறார். விரல் நடுங்குவதால் முக்கால்வாசி தோற்கிறார். சாப்பாட்டுக்கு லேட்டாக வருகிறார். “எல்லாம் ஒன் படிப்பால” என்று அம்மா என்னைத் திட்டுகிறாள்.

நான் டிப்ளமா முடித்துவிட்டேன். என் குணத்தின் வேர் என்ன என்பதற்கு, நைனா எங்களை விடியுமுன் எழுப்பிப் பள்ளி வாசலில் நிறுத்தியதுதான் என்று எழுதினேன். கொஞ்சம் மேலோட்டமாக இருக்கிறது என்று மேடம் குறிப்பு எழுதி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். நான் தின்னாத பொறைக்கு அழுதவர் அவர்.

சனிக்கிழமைகளில் கோயில் மையத்தில் உட்காருகிறேன். வருகிறவர்கள் சின்ன வயதில் பட்டதைச் சொல்லி அழுவார்கள். டிஷ்யூவை நகர்த்துவேன், கவனமாகக் கேட்பேன். வீட்டில் போய் அம்மாவிடம் விசாரித்துப் பாருங்கள் என்று மட்டும் யாரிடமும் சொல்வதில்லை.