தோடு கழற்றும் அக்கா

சமூகப்பணி படிக்கும் எங்களைக் களத்துக்கு அனுப்புவதற்கு முன் வகுப்பில் ஒத்திகை வைப்பார்கள். உதவி கேட்டு வருபவராக நடிக்கச் சுருளிப்பட்டியிலிருந்து ஒரு அக்கா வருவார். திராட்சைத் தோட்டத்து வெயிலில் கறுத்த முகம், கணீரென்ற சிரிப்பு. நாற்காலியில் உட்கார்ந்ததும் காதுத் தோடுகளைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொள்வார். அதன்பிறகு அவர் வேறு ஆள்.

என் முறை வந்தது. புருசன் அடிப்பதாகச் சொல்லி அழுதார். குரல் உடைந்தது. நடிப்பு என்பதே எனக்கு மறந்துபோனது. மறுவாரம் கோம்பையில் வீடு வீடாகப் போகவேண்டியவள் நான்; மனப்பாடம் செய்த கேள்விகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

“அக்கா, இன்னைக்கு ராத்திரி அந்த வீட்டுக்கா போகப் போறீக? வேணாம், எங்க விடுதிக்கு வந்துருங்க” என்றேன். வகுப்பே சிரித்தது. நானோ அழுதுகொண்டிருந்தேன்.

அக்கா முடிச்சை அவிழ்த்துத் தோடுகளை மாட்டிக்கொண்டார்.

“ஏ ஆத்தா, நெசம்னே நெனச்சுட்டியா? அங்கன பாரு, எங்க வீட்டுக்காரு வண்டியோட நிக்கிறாக. அவுகளா அடிப்பாக? கரப்பானப் பாத்தாலே ஓடுவாக!”

சன்னல் வழியே பார்த்தேன். வேப்பமரத்தடியில் ஒருவர், அக்காவின் தூக்குவாளியை வண்டியில் மாட்டிவிட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அப்படியொரு நிம்மதி எனக்கு அதற்குமுன் வந்ததில்லை.

இன்று இதுவே என் வேலை. யாராவது எதிரே அமர்ந்து அழும்போது, என் கண்கள் முதலில் அவர் முந்தானையில் ஒரு முடிச்சைத் தேடுகின்றன.